ஊதாப் புற்று கலைந்துவிட்டது

சங்கரன்கோவில்,
12-5-1981.

மதிப்பிற்குரிய மைத்துனர் பெத்துராஜ் அவர்களுக்குச் சண்முகையா எழுதுவது. இங்கே உம் தங்கை, எட்டு விசைத்தறிகள், நான் ஆகியோர் இதே வரிசையில் நலம். வாசுதேவநல்லூரில் குளமும் பயிரும் வீட்டாரும் செழிப்பாக இருக்க கோமதியம்மன் துணை நிற்கட்டும்.

"பாட்டுக்காரப் பயலுக்கு என் மகளைத் தரமாட்டேன்" என்று எழுதியிருந்தீர். முறைமாப்பிள்ளையை இப்படிச் சொல்லலாமா? என் மகன் வெள்ளத்துரை பாட்டுக்காரன் இல்லை என்பதற்கு இந்த ஊரே சாட்சி. எழுபத்து நாலில் அவன், கிட்டார் வாசித்த கடையநல்லூர் பாதுஷா, டிரம் அடித்த வீரபாண்டி மூவரும் 'ஊதாப் புற்று' என்று சைகடெலிக் ராக் குழு வைத்தது உண்மை. "அது என்னலே?" என்று கேட்டேன். "கேட்டா கண்ணுக்குள்ள கலர் கலராத் தெரியும்ப்பா" என்றான். அவன் சட்டையைப் பார்த்ததுமே எனக்கு அது தெரிந்துவிட்டது. வீட்டில் சத்தம் கூடாது என்று தறிக் கொட்டகைக்கு விரட்டினேன், அங்கேதான் வினை, எட்டுத் தறியும் தடதடவென்று ஓட அந்தத் தாளத்திலேயே பழகிய பயல்கள் ஆடித்தபசுத் திருவிழாவில் மேடை ஏறினால் மேடையில் தறிக்கு எங்கே போவது, வீரபாண்டி முதலில் முடித்துவிட்டான், பாதுஷா பாதி வழியில் நிற்கிறான், உம் மருமகன் தனியாகக் கத்துகிறான், கூட்டமோ மைக் டெஸ்ட் என்று நினைத்துப் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் முடிந்ததும் ஒரு அண்ணாச்சி எழுந்து, "எப்பம்லே ஆரம்பிப்பிய?" என்றார். மறுநாளே மூவரும் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டார்கள்.

இப்போது பாதுஷா துபாயில் ஏ.சி. மெக்கானிக். வீரபாண்டி உங்கள் ஊர் வழியாகப் போகும் ராஜபாளையம் பஸ்ஸில் கண்டக்டர், தகரத்தைத் தட்டுவதோடு சரி. வெள்ளத்துரை நெசவாளர் சங்கத்தில் எழுத்தர், குளிக்கும்போதுகூடப் பாடுவதில்லை. இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போகுமோ என்று உம் தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை வே. ஆவணியில் நாள் பாரும்.

பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
சண்முகையா

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் பாதுஷா லீவில் வந்துவிட்டான். பின்னாலேயே வீரபாண்டியும் வந்தான், உம் மகள் முத்துத்தாய் பஸ்ஸில் அவனிடம் சொல்லி அனுப்பிய சேதியோடு. "ஊதாப் புற்று பாடினாத்தான் கழுத்த நீட்டுவேன். அன்னைக்கு அது மைக் டெஸ்ட் இல்லன்னு அந்தக் கூட்டத்துல எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாளாம். ஆகவே வரவேற்பு நம் தறிக் கொட்டகையில். எட்டுத் தறியும் ஓடும், சுவிட்சு போடுவது நான். எனக்கு ஊதாச் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. உம் அளவை உடனே எழுதவும்.