மாமாவை நிறுத்தி வைத்த தேசிய கீதம்

'இவனுக்கு இதெல்லாம் தெரியும்' என்று குடும்பத்தில் பெயரெடுத்தவன் சாவு வீட்டுப் பக்கமே போகக்கூடாது. எனக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், பினாங்கின் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நான் சோதனைப் பிரிவில் இருப்பது. ஒரு பொருள் எந்தெந்த வகையில் சொதப்பும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். இதைப் படித்து முடித்ததும் என் நிறுவனத்துக்கு யாரும் தகவல் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் மாமனார் தலை நரைக்கும்வரை பொம்பாவில் இருந்தவர் (தீயணைப்புப் படைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்). தேசிய கீதம் எங்கே ஒலித்தாலும் எழுந்து நிற்பார். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் ஒலித்தாலும் நிற்பார். நான் பெண் பார்க்கப் போன அன்று தொலைக்காட்சியில் சுதந்திர தின அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. கீதம் ஆரம்பித்ததும் மொத்த வீடும் எழுந்தது. அத்தை கரண்டியோடு நின்றார். ரேணுகா காப்பித் தட்டோடு நின்றாள். அவள் அண்ணன் செல்வம், நிபோங் திபாலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டொழுங்கு ஆசிரியர், பலகை போல விறைத்து நின்றார். வாயில் முறுக்கோடு உட்கார்ந்திருந்த நான், எல்லாரும் எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து, "பரவால்ல, உக்காருங்க" என்றேன்.

கல்யாணம் எப்படியோ நடந்தது. ஆனால் மாமா என்னோடு நேராகப் பேசுவதில்லை. "உன் வீட்டுக்காரர சாப்பிட சொல்லு" என்று ரேணுகாவிடம் சொல்வார். நான் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். பல வருடங்கள் இப்படியே போயின. முதலில் அது வேடிக்கையாக இருந்தது. போகப் போக அப்படி இல்லை.

கடைசியில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். புகையில் புழங்கிய நுரையீரல், வேறென்ன ஆகும். ஒரு மதியம் ரேணுகா தண்ணீர் வாங்கப் போயிருந்தாள்.

"தம்பி" என்றார் மாமா.

நான் திரும்பி அடுத்த கட்டிலைப் பார்த்தேன்.

"உன்னத்தான். நான் போறப்ப அந்தப் பாட்ட போடணும்."

எந்தப் பாட்டு என்று கேட்கத் தேவையில்லை. ஆகஸ்டு வந்தால் வானொலியில் வருமே, பழைய மலாய்ப் பாட்டு. யாரும் அதைச் சட்டம் போட்டு நாட்டுப் பாட்டு ஆக்கவில்லை. வந்தால் யாரும் வானொலியை அணைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். தீ அணைத்துவிட்டுத் திரும்பும்போது வண்டியில் அதைத்தான் எல்லாரும் சேர்ந்து பாடுவார்களாம்.

"தேசிய கீதம்லாம் வேணாம். அது பெரிய ஆளுங்களுக்கு. எனக்கு இது போதும். செல்வத்துக்கு இதெல்லாம் தெரியாது, நீயே பாத்துக்க."

"சரி மாமா."

"பாதில நின்னுடக் கூடாது."

"நிக்காது மாமா."

என் வாழ்நாளில் நான் கொடுத்த வாக்குகளில் முழுமையாக நிறைவேறியது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் மாமா போய்விட்டார். கெலுகோரில் அவர்கள் வீட்டு முன்னால் கூடாரம் போட்டார்கள். தொழிற்சாலையின் குடும்ப தின விழாவுக்குப் பயன்படுத்தும் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி வந்தேன். சக்கரம் வைத்தது, இடுப்பு உயரம், உள்ளேயே பேட்டரி. கைப்பேசியைக் கம்பியில்லாமல் அதோடு இணைத்து, பாட்டை எடுத்து வைத்து, சத்தம் சரிபார்த்தேன். பாட்டு முடிந்ததும் அந்தச் செயலி அதே மாதிரிப் பாட்டுகளைத் தானாகத் தேடிப் போடும் என்பதை மட்டும் சரிபார்க்கவில்லை. (சோதனைப் பிரிவு.)

பெட்டியை மூடுமுன் மருமகனையும் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். மூடும் நேரத்தில் பாட்டு ஆரம்பித்தால் பொருத்தமாக இருக்கும் என்று நானே தீர்மானித்து, பொத்தானை அழுத்திவிட்டு, கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். குனிந்தேன். அரிசி போட்டேன். மாமா முகம் சின்னதாகிப் போயிருந்தது. கண் கலங்கி எதுவும் தெரியவில்லை. யாரோ என்னைப் பின்னால் இழுத்தார்கள். மூடியை வைத்துத் திருகாணியை முடுக்கினார்கள்.

பாட்டு அருமையாகக் கேட்டது. செல்வமும் நானும் முன்பக்கம் பிடிக்க, நிபோங் திபாலிலிருந்து வந்த ரேணுகாவின் சித்தப்பா மகன் குமாரும் இன்னும் சிலரும் பின்னால் பிடிக்க, பெட்டியைத் தூக்கினோம். வாசலில் மாமாவோடு வேலை பார்த்த ஓய்வுபெற்றவர்கள் பழைய சீருடையில் வரிசையாக நின்றார்கள். அவர்களில் மூத்தவரான ஹாஷிம், மாமாவின் தலைவராக இருந்தவர், ஊன்றுகோலோடு சல்யூட் அடித்தபடி அழுதார். செல்வம் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. தெருவில் நின்ற சவ வேனுக்குப் பாதி தூரம் போயிருப்போம். பாட்டு முடிந்தது.

தேசிய கீதம் ஆரம்பித்தது.

செல்வம் சட்டென்று நின்றுவிட்டார். திங்கட்கிழமைதோறும் பள்ளிச் சபைகூடலில் நின்று பழகிய கால். முன்னால் போனவர் நின்றால் பெட்டியும் நிற்கத்தானே வேண்டும். சீருடைக்காரர்கள் விறைத்தார்கள். கூடாரத்தில் உட்கார்ந்திருந்த எல்லாரும், எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் உட்பட, எழுந்து நின்றார்கள். உச்சி வெயில். ஒரு வழியாகக் கீதம் முடிந்தது. இரண்டு எட்டு வைத்தோம். மறுபடியும் அதே கீதம், இந்த முறை வாத்தியம் மட்டும். நின்றோம். பிறகு சிறுவர்கள் பாடியது. நின்றோம்.

"மாப்ள, ஆஃப் பண்ணுலா" என்றார் செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கை ரெண்டும் பெட்டிக்கு அடியில இருக்கு மச்சான்."

ரேணுகா ஒலிபெருக்கியிடம் ஓடினாள். ஹாஷிம் சல்யூட்டை இறக்காமலே, பாதியில் நிறுத்தாதேம்மா, அது மரியாதை இல்லை என்று மலாயில் சொன்னார். அவளும் மாமாவின் மகள்தானே, முடியட்டும் என்று பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தாள். முடிந்ததும் அழுத்தினாள். அது வேறு பொத்தான். ஒலிபெருக்கியின் முகப்பில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள் சுழல ஆரம்பித்தன. பதறி இன்னொன்றை அழுத்தினாள். எதிரொலி சேர்ந்துகொண்டது.

தேசிய கீதங்கள் தீர்ந்துபோய், செயலி மாநில கீதங்களுக்குப் போனது. முதலில் பக்கத்து மாநிலமான கெடா.

"இதுக்குமா நிக்கணும்?" என்றார் பின்னாலிருந்து குமார். "நம்ம பினாங்குலதானே இருக்கோம்."

"அப்பா பொறந்தது கெடாலடா. பேசாம நில்லு" என்றார் செல்வம்.

"தோள் போச்சுண்ணே."

பெட்டி பின்பக்கம் சாய்ந்தது. உள்ளே மாமா நகர்வது என் கையில் தெரிந்தது. அந்த உணர்வை எழுதத் தெரியவில்லை எனக்கு.

"ரேணு, போன் என் பாக்கெட்ல இருக்கு, எடு" என்றேன். வந்து கையை விட்டுப் பார்த்தாள். பை காலி. உள்ளே அரிசி ரெண்டு மணி இருந்தது.

"எங்க வச்சீங்க?"

"இங்கதான் வச்சேன்."

அவள் தன் கைப்பேசியை எடுத்து என் எண்ணுக்கு அழைத்தாள். பாட்டு நின்றது. ஒலிபெருக்கியில் சேவல் கூவியது. (இயந்திரச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது என்று நான் வைத்திருந்த அழைப்பொலி.) எதிரொலியோடு, வண்ண விளக்கோடு, கெலுகோர் முழுக்கக் கேட்கும்படி சேவல் கூவியது. ஒவ்வொரு கூவலுக்கும் என் உள்ளங்கைக்கு மேலே பெட்டி கிர்ரென்று அதிர்ந்தது.

செல்வம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கையிலும் அதிர்ந்திருக்கிறது.

வாசற்படியில் நின்ற அத்தை, "யாரு... யாரு அவர கூப்பிடுறா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அப்படியே சரிந்தார். பெண்கள் தாங்கிக்கொண்டார்கள்.

சேவல் கூவிக்கொண்டிருக்கும்வரை கீதம் வராது என்று முதலில் புரிந்துகொண்டவள் ரேணுகாதான். "நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், நீங்க போங்க" என்றாள். முகம் முழுக்கக் கண்ணீர். என் மாமா, அந்தப் பாட்டு ஒன்று போதும் என்று கேட்ட மனிதர், சேவல் சத்தத்தில் ஓட்டமும் நடையுமாக வேனில் ஏற்றப்பட்டார். அதற்குள் எதிர்வீட்டுச் சீனக் கிழவர் வந்து ஒலிபெருக்கியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இருந்த விசையைத் தட்டி அணைத்தார்.

வேனில் பாதி வழியில் செல்வம், "போன் எரிஞ்சு போகட்டும், பெட்டிய தெறக்க வேணாம்" என்றார். நானும் தலையாட்டினேன். ஆனால் மின்சுடலையில் பொறுப்பாக இருந்த அண்ணன் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "உள்ள பேட்டரி சாமான் ஏதும் இருக்கா?"

செல்வம் தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"ஐயோ, வெடிச்சிரும்லா. ஏத்த மாட்டேன். தெறந்து எடுங்க."

திருகாணிகளைக் கழற்றினார்கள். செல்வம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டி சாய்ந்ததில் மாமா ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தார். மாலை கலைந்து கழுத்தில் சுற்றியிருந்தது. பூவுக்குள் கையை விட்டுத் துழாவினேன். கைப்பேசி அவருடைய வலது கைக்கு அடியில் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கல்யாணத்தில் கூட அவர் என் கையைப் பிடித்ததில்லை. அந்தக் குளிர்ச்சி என் கையில் வெகு நேரம் இருந்தது. திரையில், ரேணுகா அழைத்ததாக வரிசையாகக் குறிப்புகள்.

மாலையைச் சரிசெய்தேன். தலையை நேராக வைத்தேன். "மன்னிச்சிருங்க மாமா" என்றேன். சுடலை அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வண்டி வந்துவிட்டது.

கருமாதிவரை அத்தை என்னிடம் பேசவில்லை. செல்வம் நான் இருக்கும் அறைக்கே வரவில்லை. அப்பாவைக் கடைசியாக ஒருமுறை கேலிப்பொருள் ஆக்கிவிட்டேன் என்று ரேணுகா ஒரே ஒருமுறை சொன்னாள்.

கருமாதி அன்று ஹாஷிம் வந்தார். அத்தையின் எதிரே உட்கார்ந்து, தன் அரைகுறைத் தமிழில் சொன்னார்: "அம்மா, நம்ம ஆளு நெறைய பேரு செத்தாச்சு. நான் எல்லாம் போயிருக்கேன். ஒருத்தருக்கும் கெடா கீதம் போடல. இவரு பெரிய ஆளு."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று ரேணுகா ஓடினாள். அழுகை இல்லை. தோள் குலுங்கக் குலுங்க, மூச்சு வாங்க, அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். "சேவல்" என்றார் நடுவில். மறுபடி சிரித்தார். அப்புறம்தான் அழுதார்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. போன மாதம் நிபோங் திபாலில் தூரத்துச் சொந்தம் ஒருவரின் சாவு. கூடாரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர், முன்பின் தெரியாதவர், நேரம் போக என்னிடம் பேச்சுக் கொடுத்தார். பினாங்குத் தீவில் ஒரு பொம்பாக்காரர் பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்து தேசிய கீதம் பாடினாராம். தூக்கியவர்கள் போட்டுவிட்டு ஓடினார்களாம். காரணம் ஒரு மருமகனாம், படிச்ச முட்டாளாம்.

"அப்படியா?" என்றேன்.

"ஆமா தம்பி. அவன் இப்ப யாரு வீட்டு சாவுக்கும் போறதில்லயாம்."

உள்ளே வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். வழியில் செல்வம் நின்றுகொண்டிருந்தார். பள்ளியில் மாணவர்களிடம் நீட்டுவது போல, கையை நீட்டினார். நான் கைப்பேசியை எடுத்து அதில் வைத்தேன்.

"கார் சாவி?" என்றார்.

அதையும் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.