ஒண்ணாம் பாத்தி வெண்டை

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் வரத் தாமதமானால் அடுத்த ஸ்டாப்புக்கு நடக்கத் தொடங்கி, நடுவழியில் பஸ்ஸைக் கோட்டை விடுகிற ரகம் நான்.

இப்பேர்ப்பட்டவள் எம்.எஸ்ஸி.யில் வெண்டை ஆராய்ச்சி எடுத்தேன். பூதலூரில் எங்கள் கொல்லையிலேயே பத்து ரகம் போட்டு, செடியின் எந்தக் குணம் மகசூலைக் கூட்டுகிறது என்று கணக்கிட வேண்டும். சீட்டுக் குலுக்கி, ரகங்களைக் கலைத்துப் போடுவதுதான் விதி. அங்கொன்றும் இங்கொன்றுமாக யார் ஓடுவது? போர்செட்டில் தொடங்கி ஒரே வரிசையாகப் போட்டுவிட்டேன். (கை கழுவவும் வசதி!)

வெளிநாட்டு விதை கம்பெனிகள் வந்து இறங்கிய காலம் அது. ஒன்றில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். சித்தப்பா ஒரு மஸ்கட் மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார்.

"வேலை கெடச்சா உன் இஷ்டம். இல்லன்னா ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க" என்றார்.

எனக்கு வேலைதான் வேண்டும். ஆராய்ச்சி முடிவைத்தானே கேட்பார்கள் என்று தஞ்சாவூர் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடி, கையிலிருந்த எண்களையெல்லாம் அப்படியே அள்ளிக் கொடுத்தேன். மகசூலோடு அதிகத் தொடர்புள்ளது 'எக்ஸ் ஒன்று' என்று தாள் வந்தது. அதையே ஜெபமாலை மாதிரி பஸ்ஸில் உருட்டிக்கொண்டு போனேன்.

"எக்ஸ் ஒன்னுன்னா என்னம்மா?" என்றார் கண்ணாடி போட்ட அதிகாரி.

தாளைப் புரட்டினேன். அடக் கடவுளே! "பாத்தி நம்பர் சார்."

"அது செடியோட குணமா?"

"ஆமா சார்." (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே!)

"பரம்பரையா வருமா?"

"நல்லா வரும் சார்."

"நெலம் அப்பாகிட்டேர்ந்து வரும். வெண்டைக்குப் பாத்தி நம்பர் எப்படிம்மா வரும்? சரி, ஒண்ணாம் பாத்தி எங்க இருந்துச்சு?"

"போர்செட்டுக்குப் பக்கத்துல."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. முதல் பாத்தி மூக்கு முட்டக் குடித்திருக்கிறது, கடைசிப் பாத்தி நாக்கை மட்டும் நனைத்திருக்கிறது. நான் அளந்தது தண்ணீரை! வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, "வேலை ஏன் கெடைக்கலங்க?" என்று சபையிலேயே கேட்டார். கோபத்தில் ஒன்று விடாமல் கொட்டினேன். மனுஷன் கேசரித் தட்டு கவிழ்கிற அளவுக்குச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரையேதான் கட்டிக்கொண்டேன்.

இப்போது மகள் முதல் மார்க் என்று துள்ளி வந்தால், அவர் நிதானமாகக் கேட்பார்: "எந்த பெஞ்சும்மா?"

"முதல் பெஞ்சுப்பா."

"அப்ப மார்க்கு பெஞ்சுக்குத்தான்."

அவள் முறைப்பது என்னவோ என்னைத்தான்.