ஏழாம் வகுப்பு அறிவியல் கைடும் மூன்று மெழுகுவர்த்திகளும்

அன்பிலும் கண்டிப்பிலும் குறை வைக்காத தலைமை ஆசிரியையான என் அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உன் தம்பி மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் உன் மருமகள் வாலு ஆகிய மூவரும் சுகம். சாப்பாட்டு மேசைதான் சுகமில்லை. காரணம் கீழே வருகிறது. மாமாவின் முழங்கால் வலி குறைந்து, அவர் மறுபடி எல்லாரையும் அதட்டத் தொடங்கியிருப்பார் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஓர் இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை வரை பிடித்து வைக்கிறேன் என்றாயே, அதை எப்படியாவது வாலுவுக்குக் கொடுத்துவிடு. இப்போது அவள் படிக்கும் பள்ளியில் எதைக் கேட்டாலும் ‘செய்து பார்’ என்கிறார்களாம். அதற்கா பள்ளிக்கூடம்? நான் இருபத்திரண்டு வருடமாக அறிவியல் கைடு எழுதிப் பிழைக்கிறவன். ‘செய்முறை, காண்பது, அறிவது’ என்று நான் எழுதித் தந்ததை அப்படியே ஒப்பித்து எத்தனை பேர் கரையேறியிருக்கிறார்கள்! அப்பேர்ப்பட்டவன் பெற்ற பெண் கைடைக் கையால் தொடுவதில்லை.

போன மாதம் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. வீணாகும் தண்ணீரை அளந்து வரச் சொன்னார்களாம். வாலு அடியில் ஒரு குவளையை வைத்து, கடிகாரத்தோடு உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஏழு வாளி என்று கணக்குப் போட்டாள். அதோடு விட்டாளா? ஸ்பேனரை எடுத்துக் குழாயையே கழற்றிவிட்டாள். மேலே தொட்டி வால்வை மூட வேண்டும் என்பது அவளுக்குக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. எனக்குக் கணுக்கால் நனைந்த பிறகு தெரிந்தது. கடைசியில் தேய்ந்துபோன வாஷரை அவளே மாற்றினாள். மூன்று மாதமாக “இதோ வந்துட்டேன் சார்” என்று சொல்லிக்கொண்டிருக்கும் பிளம்பர் இன்னும் வரவில்லை. குழாய் அன்றிலிருந்து ஒரு சொட்டுக்கூட விடவில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

பிறகு மொட்டைமாடியில் ஒரு குச்சியை நட்டு, மணிக்கொரு தரம் நிழலைச் சாக்பீஸால் கோடு போட்டாள். வீட்டுக்காரர் கோபமாக மாடியேறினார். போனவர் ஒரு மணி நேரமாக வரவில்லையே என்று போய்ப் பார்த்தால், மனிதர் தரையில் குந்தி உட்கார்ந்து, “பாப்பா, நிழல் நகர்ந்துடுச்சு, சீக்கிரம் கோடு போடு” என்று அவசரப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அன்று வாலு என் கைடைத் தானாகக் கையில் எடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடிக் குவளையால் மூடினால் தண்ணீர் குவளைக்குள் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்று அதிலிருந்து அறியலாம். இது என் கைடின் பதினோராம் பக்கம். அவள் செய்தாள். தண்ணீர் ஏறியது. ‘பார்த்தாயா?’ என்று மார்தட்டினேன். அதே குவளைக்குள் மூன்று மெழுகுவர்த்தி வைத்துச் செய்தாள். தண்ணீர் இரண்டு மடங்கு ஏறியது.

“அப்பா, அதே குவளை, அதே காத்து. மெழுகுவர்த்தி கூடினா ஆக்சிஜன் எப்படிப்பா கூடும்?”

“தட்டு கோணலா இருக்கும்மா.”

“இல்லப்பா. எரியுறப்ப ஏறவே இல்ல. அணைஞ்ச பிறகுதான் விறுவிறுன்னு ஏறுது. சூடான காத்து ஆறிச் சுருங்குது போல. நீங்க செஞ்சப்ப எவ்வளவு ஏறிச்சு?”

அக்கா, நான் செய்ததே இல்லை. எனக்கு முன்னால் கைடு எழுதியவரிடமிருந்து அந்த வரியை எடுத்தேன்; அவர் யாரிடமிருந்து எடுத்தாரோ. இருபத்திரண்டு வருடமாகக் ‘காண்பது’ என்று எழுதியவன் எதையும் கண்டதில்லை. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தீப்பெட்டியை என் பக்கம் தள்ளி, “இப்ப செய்யுங்கப்பா” என்றாள். செய்தேன். சுடர் அணைந்து தண்ணீர் ஏறியபோது நான் போட்ட கூச்சலில் உன் தம்பி மனைவி அடித்துப்பிடித்து ஓடி வந்தாள். மேசை முழுக்க மெழுகு. நடுவில் ஒரு கருகல் வேறு.

கைடில் இன்னும் நாற்பத்தொரு சோதனைகள் இருக்கின்றன. அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்குள் உன் பள்ளிக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் என் பிழைப்பு போச்சு. அவளிடமும் சொல்லிவிட்டேன். “அத்தை ஸ்கூல்ல ஏதாவது தொட விடுவாங்களா?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். தீப்பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அது முதல் வீடு சத்தமில்லாமல், சுத்தமாக இருக்கிறது. எனக்குத்தான் அங்கே உட்காரப் பிடிக்கவில்லை.

மாமாவுக்கு என் வணக்கம். உன் ஆசி எங்கள் மூவர் தலைமேலும் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சொல்லை ஒருநாளும் தட்டாத
தம்பி

பி.கு.: மேலே உள்ளதை எழுதி ஒரு நாளாகத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடு. வாலு இங்கேயே படிக்கட்டும். கைடின் புதிய பதிப்பில் நாற்பத்திரண்டு சோதனைகளுக்கும் ‘காண்பது’ என்று போட்டு, அடியில் நான்கு வெற்றுக் கோடுகள் விட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். “விடையே இல்லாத கைடை யார் சார் வாங்குவாங்க?” என்று பதிப்பாளர் அலறினார். “தெரியலை, போட்டுப் பார்ப்போம்” என்றேன். ஆனால் வழக்கம்போல உன் பள்ளிக்கான கட்டு முதலில் வந்துவிடும்; பிள்ளைகள் கோடுகளைக் காட்டி என்ன எழுதுவது என்று உன்னைத்தான் கேட்பார்கள். ஆகவே உங்கள் ஆய்வகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வை. சனிக்கிழமை காலையில் வாலுவும் நானும் வருகிறோம். அத்தைக்கு முதலில் எதைச் செய்து பார்க்க ஆசை என்று கேட்டு எழுதச் சொல்கிறாள்.