பல்செட்காரரின் நூற்றுப் பதினான்கு தோல்விகள்

"மேட்" என்றாள் மனைவி, "பால் பொங்கிடுச்சு" என்று சொல்கிற அதே குரலில்.

பல்செட்காரர் செஸ் பலகையைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், எழுந்து எதிர்ப்பக்கம் போய் நின்றும் பார்த்தார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ராஜா செத்துத்தான் கிடந்தார்.

"இது எத்தனையாவது?"

"அதையெல்லாம் யாருங்க எண்ணிக்கிட்டு இருக்கா?"

அவர்தான் எண்ணிக்கொண்டிருந்தார். நூற்றுப் பதினாலு. ஒவ்வொரு ஆட்டத்தையும் வேலை செய்யும் இடத்து ஆர்டர் சீட்டுகளின் பின்பக்கம் நகர்த்தல் நகர்த்தலாக எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். அவர் எழுதி முடிக்கும்வரை மனைவி காயைத் தொடாமல் காத்திருப்பாள்.

ஊரில் பாதிப்பேர் வாயில் இருக்கும் பல்செட் அவர் கைவேலை. அதனால் பெயர் போய்ப் பட்டம் நின்றுவிட்டது. இருபத்து நாலு வருடக் கல்யாண வாழ்க்கையில், மனைவி பள்ளிக்கூடத்தில் செஸ் கோப்பை வாங்கியவள் என்பது அவருக்குத் தெரியாது. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன மறுவாரம், அலமாரியிலிருந்து பலகையை எடுத்துத் தூசி தட்டி, "ஏங்க, ஒரு ஆட்டம் போடலாமா?" என்று அவள் கேட்டபோதுதான் தெரிந்தது. இத்தனை வருடம் கேட்காமலேயே இருந்திருக்கிறோமே என்று அன்றைக்கு அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெட்கத்தை ஈடுகட்ட ஒரே வழி, நன்றாக ஆடிக் காட்டுவது என்று முடிவு செய்தார். ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். அவள் புருவத்தைத் தூக்கி "அட!" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஐந்து மாதமாகியும் அந்த "அட" வந்தபாடில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், அவருடைய யானைக்கு ஏழு மணி ஆட்டத்தில் தினமும் சறுக்கியது.

"வேணும்னே விட்டுக்கொடுத்து ஆடாதே, தெரிஞ்சுதா?" என்று நடுவில் ஒரு நாள் மிரட்டினார்.

"எங்க விட்டுக்கொடுத்தேன்? ஜெயிச்சுக்கிட்டுதானே இருக்கேன்?"

அதுவும் சரிதான். ஆனாலும் ஒரு மணி நேரம் தாக்குப் பிடிக்கிறோமே என்று மீசையில் மண் ஒட்டாத மாதிரி அவர் தன்னைத் தேற்றிக்கொள்வார். ஆட்டம் முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போவார், எங்கே தப்பு செய்தோம் என்று வீடியோ பார்க்க. மனைவி தனியாகக் காய்களை எடுத்து வைப்பாள்.

வீடியோவில் ஒரு மீசைக்காரர், "முன்னேற்றமே இல்லையா? வேலை செய்யும் இடத்திலும் பயிற்சி செய்யுங்கள்" என்றார். யோசனை பிடித்திருந்தது. மறுநாளே தரையின் சதுர ஓடுகளைப் பலகையாக்கினார். காய்க்குப் பஞ்சமா என்ன? கடைவாய்ப் பல் யானை. கோரைப்பல் மந்திரி. முன்பல்லெல்லாம் சிப்பாய். ஒரு பக்கம் வெள்ளைப் பல், எதிர்ப்பக்கம் வெற்றிலை போடுகிறவர்களுக்காக வாங்கி வைத்திருக்கும் மஞ்சள் பல்.

இரண்டு நாள் ஜோராகப் போயிற்று. மூன்றாம் நாள் பல் டாக்டர் போனில் கத்தினார்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்க? ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் சிரிச்சா நடுவுல ஒரு பல்லு மட்டும் மஞ்சளா இருக்கு!"

"அது சிப்பாய் டாக்டர்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல டாக்டர். மாத்திக் கொடுத்துடறேன்."

பக்கத்து மேஜையில் பல்செட்டுகளுக்குப் பளபளப்பு ஏற்றிக்கொண்டிருந்த பாலிஷ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்து, "இதெல்லாம் தானா வராதுண்ணே. ஒழுங்கா ஒரு வகுப்புல சேருங்க. தபால் ஆபீஸுக்கு எதிர்ல ஒரு கோச் நடத்தறாரு. சாயங்காலம் ஆறரையிலேர்ந்து எட்டரை" என்றார்.

சேர்ந்தார். வகுப்பில் பதினோரு பேர். அவரைத் தவிர மிச்சப் பத்துப் பேருக்கும் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. முதல் நாளே இரட்டைச்சடை போட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டே அவரைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, "இன்னொண்ணு ஆடலாமா அங்கிள்?" என்றாள். சேரை விட்டு எழுந்திருக்கவே அவருக்கு உடம்பு கூசியது.

கோச் ஒரு கட்டளை போட்டார். "மூணு மாசத்துக்கு வீட்டுல ஆடாதீங்க சார். தப்பான பழக்கம் படிஞ்சிடும். வேரோட பிடுங்கணும்."

வகுப்புக்குப் போவதை மனைவியிடம் சொல்லலாமா? சொன்னால் திடீரென்று ஜெயித்து அசத்துவது எப்படி? அங்கேதான் சனி பிடித்தது.

"இனிமே கொஞ்ச நாளைக்கு வர லேட்டாகும். ஆர்டர் குவிஞ்சு கிடக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசமா? ஊர்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல பல்லு விழுதா?"

"சீசன்" என்றார் பல்செட்காரர். பல்லுக்கு ஏது சீசன்? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

முதல் வாரம் முழுக்க, ஒன்பது மணிக்கு அவர் வீடு திரும்பும்போது பலகை மேஜையில் விரித்தே இருந்தது, காயெல்லாம் அடுக்கி. "அசதியா இருக்கும், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மனைவியே சொல்லிவிட்டு எடுத்து வைப்பாள். அவருக்கு மனசு அடித்துக்கொள்ளும். இன்னும் கொஞ்ச நாள்தானே, அப்புறம் பார் என்று அடக்கிக்கொள்வார்.

இரண்டாவது வாரம் மனைவி, பாவம் மனுஷன் பட்டினியாக வேலை பார்க்கிறாரே என்று சாப்பாடு கட்டிக்கொண்டு போனாள். அங்கே பாலிஷ்காரர் பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு எங்க?"

பாலிஷ்காரர் பூட்டிய பூட்டையே இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். "அண்ணன் டாக்டரைப் பாக்கப் போயிருக்காருண்ணி."

"ஐயோ, உடம்புக்கு என்ன?"

"பல்லுவலி."

பொய்யிலும் ஒரு பொருத்தம் வேண்டாமா? பல் செய்கிறவருக்கே பல்வலி.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவரிடம், "பல்லுவலியாமே, ஏன் சொல்லல?" என்று மனைவி கேட்டதும் பல்செட்காரர் திருதிருவென்று விழித்தார். பிறகு சமாளித்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். தெரியாத்தனமாக இடது கன்னத்தில் கை வைத்தவர், மறுநாள் காலை மறந்துபோய் வலது கன்னத்தைப் பிடித்தார். மனைவி அதையும் பார்த்தாள். பத்து நாளைக்கு அவருக்குக் கரைத்த சோறும் ஆறிய பாலும்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததே என்று மென்று தின்ன வழியில்லாமல் விழுங்கினார்.

அதற்கப்புறம் மேஜையில் பலகை விரிந்திருக்கவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கிற புத்தி அவருக்கு எப்போதும் ஒரு வாரம் பிந்தித்தான் வரும்.

இரண்டு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை, இரட்டைச்சடைச் சிறுமியோடு ஆடிய ஆட்டம் சமனில் முடிந்தது. தோற்கவில்லை! நூற்றுப் பதினாலு வீட்டில், ஐம்பத்து சொச்சம் வகுப்பில், அத்தனைக்கும் பிறகு முதன்முதலாகத் தோற்கவில்லை! சிறுமிக்குத் தும்மல் வந்து குதிரையை மாற்றி வைத்துவிட்டாள் என்பது வேறு விஷயம். கோச்சின் கட்டளையைக் காற்றில் விட்டுவிட்டு, வகுப்பு முடிவதற்குள் வீட்டுக்கு ஓடினார்.

வீடு பூட்டியிருந்தது. திறந்து உள்ளே போனால் மேஜையில் மூடி வைத்த சாப்பாடு, பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு. "இன்னையிலேர்ந்து சாயங்கால ஷிஃப்டுக்கு மாத்திக்கிட்டேன். பத்தரைக்கு வருவேன். பல்லு தேவலையா?"

மனைவிக்குப் போனில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் வேலை. ஐந்து மணிக்கு முடிகிற பகல் ஷிஃப்டுக்காக எத்தனையோ வருடம் காத்திருந்து வாங்கியிருந்தாள். மறுநாள் காலை பல்செட்காரர் மெல்ல ஆரம்பித்தார்.

"பழைய ஷிஃப்டுக்கே மாத்திக்கயேன்."

"ஒரு வருஷத்துக்கு முடியாதுங்க. எழுதிக் கொடுத்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"எப்பங்க கேக்கறது?" மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலை. "அந்த நேரத்துல ஒத்தையா வீட்டுல உக்காந்து செவுத்தைப் பாத்துக்கிட்டு இருக்க முடியலங்க. அங்கன்னா யாராச்சும் போன்ல பேசுவாங்க. திட்டத்தான் திட்டுவாங்க, ஆனா பேசுவாங்க."

வகுப்பு விஷயத்தை அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஒரே ஒரு தடவை ஜெயிக்கணும்னுதான்" என்று தொண்டை வரை வந்தது. அதற்குள் அவள் குளிக்கப் போய்விட்டாள். இவர் வேலைக்குப் போய்விட்டார். இனி இவர் வரும்போது அவள் இல்லை, அவள் வரும்போது இவர் தூக்கத்தில்.

காலியான வீட்டுக்குப் போய் என்ன செய்வது? திங்கட்கிழமை மறுபடியும் வகுப்புக்கே போனார். முகத்தைப் பார்த்த கோச், ஆட்டம் வராத கவலை என்று நினைத்துக்கொண்டார்.

"தோத்த ஆட்டம்தான் சார் நல்ல வாத்தியார். பழைய ஆட்டம் எழுதி வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே, கொண்டாங்க பாக்கலாம்."

மறுநாள் பல்செட்காரர் ரப்பர் பேண்ட் போட்ட ஆர்டர் சீட்டுக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கோச் முதல் சீட்டைப் பிரித்துக் காய்களை நகர்த்தினார். ஒன்பதாவது நகர்த்தலில் கை நின்றது.

"தப்பா எழுதியிருக்கீங்க. இங்க ராணியை இறக்கினா மேட். அவங்க எதுக்கு ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாங்க?"

"சரியாத்தான் எழுதினேன் சார். நான் எழுதி முடிக்கறவரைக்கும் காயையே தொட மாட்டா."

அடுத்த சீட்டு. பதினோராவது நகர்த்தலில் மேட் இருந்தது, எதிராளி யானையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உலாத்தவிட்டிருந்தாள். அடுத்ததில் எட்டாவதில். இருபது சீட்டு பார்த்த கோச் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இவங்ககிட்டயா பயந்தீங்க? உங்க வீட்டம்மாவுக்கு ஆட்டமே தெரியல சார்! கண்ணுக்கு முன்னால இருக்கற மேட்டை ஒரு மணி நேரமா கண்டுபிடிக்க முடியாம தடவியிருக்காங்க!"

பல்செட்காரருக்கு ஒரு நொடி குளிர்ந்துதான் போனது. ஐந்து மாதப் பயம் வீண்தானா! ஆனால் உடனே மனசு ஒப்பவில்லை. "கோப்பை வாங்கினவ சார் அவ. மேட் தெரியாமலா இருக்கும்?"

"பின்னே தெரிஞ்சுக்கிட்டே ஒருத்தர் ஜெயிக்காம இழுப்பாங்களா?" என்றார் கோச்.

பக்கத்து சேரில் காலை ஆட்டிக்கொண்டிருந்த இரட்டைச்சடைச் சிறுமி சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"நானும் எங்கப்பாகூட ஆடறப்ப இப்படித்தான் சார் இழுப்பேன். சீக்கிரம் முடிச்சா அப்பா போனை எடுத்துக்கிட்டு எழுந்து போயிடுவாரு."