மைக்கில் சொன்ன 'அண்ணே'

டிவியில் விளம்பரம் வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். 'எத்தனையோ சோப்பு போட்டுப் பார்த்தேன், கறை போகவே இல்லை' என்று ஒரு பெண் முகத்தைச் சுளித்தால் நானும் கூடவே முகத்தைச் சுளிப்பேன். டிவி என்ற பெயரே எங்கள் காதில் விழாத காலத்தில் அந்த வேஷத்தை நான் போட்டிருக்கிறேன். (நடிப்பு எப்படி என்றா கேட்கிறீர்கள்? வெளியில் தலைகாட்ட முடியவில்லை, போதுமா?)

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் கல்யாணமாகி உப்பளம் பேட்டைக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரருக்கு மில்லில் ராத்திரி ஷிப்டு. அவர் வீடு திரும்பும்போது நான் தண்ணீர் பிடிக்கப் போயிருப்பேன். நான் உலை வைக்கும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார். நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது கல்யாணப் பந்தியில்தான்.

அவருக்குக் கணீரென்ற குரல். அதைக் கேட்ட ஒரு சோப்பு முதலாளி, மைக் கட்டிய தன் வண்டியில் ஊர் ஊராகப் போய் விளம்பரம் செய்யும் வேலைக்குக் கூப்பிட்டார். பகல் வேலை. வீராம்பட்டினம் ஆடித் திருவிழாவில் ஒருமுறை செய்து காட்ட வேண்டும், முதலாளிக்குப் பிடித்தால் வேலை நிச்சயம். அதற்காக வீட்டில் சட்டை துவைத்து ஒத்திகை பார்த்துப் பார்த்து, அவர் விரலிடுக்கெல்லாம் தோலுரிந்துவிட்டது.

விளம்பரம் இதுதான். கூட்டத்திலிருந்து ஒரு பெண் அழுக்குச் சட்டையோடு வந்து முறையிடுவாள். அவர் அதைச் சோப்பு போட்டு வெளுத்துக் காட்டுவார். அவள் வாயைப் பிளந்து பாராட்டுவாள். அந்த வேஷத்துக்குப் பேசி வைத்திருந்த நாடகக்காரப் பெண்ணுக்கு அன்று பார்த்துக் காய்ச்சல்.

"நீ வந்து நில்லு. நாலு வார்த்ததான். என்னத் தெரியாத மாரி இருந்தா போதும்" என்றார்.

"உங்கள எப்படிங்க கூப்புடுறது?"

"அண்ணேன்னு கூப்புடு."

"ஐயையோ!"

"பகல் வேலம்மா" என்றார். நான் புடவை மாற்றப் போனேன்.

ஒன்றை மட்டும் அவர் சொல்ல மறந்துவிட்டார். அந்த நாடகக்காரப் பெண் கொண்டுவருவது செம்மண் பூசிய சட்டையாம். வெறும் தண்ணீரில் அலசினாலே போய்விடுமாம். அது தெரியாத நான், வீட்டில் இருந்ததிலேயே படுமோசமான அழுக்குச் சட்டையைத் தேடி எடுத்துப் போனேன். மில்லில் மெஷின் எண்ணெய் கொட்டிய சட்டை.

"அண்ணே, எங்க வூட்டுக்காரரு சட்ட வெளுக்கவே மாட்டேங்குது அண்ணே, நானும் தொவைக்கிறேன் அண்ணே..." (பயத்தில் எத்தனை அண்ணே போட்டேனோ, எனக்கே தெரியாது.)

"கவலப்படாதீங்க தங்கச்சி!" என்று சட்டையை உதறியவர் முகம் அப்படியே மாறிவிட்டது. தேய்த்தார். நுரை பொங்கியது. கறை அசையவில்லை. முதலாளி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், சோப்பைச் 'சவோன்' என்றுதான் சொல்வார். "இன்னும் சவோன் போடுப்பா! சவோன்!" என்று நிழலில் நின்று கத்தினார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். வெள்ளை நுரையில் லேசாகச் சிவப்பு தெரிந்தது.

எனக்கு மைக், முதலாளி, வேலை எல்லாம் மறந்து போயிற்று.

"ஏங்க, போதும் வுடுங்க! கைதான் புண்ணாயிருக்கில்ல? குடுங்க, நான் தொவைக்கிறேன்!" என்று சட்டையைப் பிடுங்கினேன்.

முன்னால் நின்ற மீன்காரம்மா இடுப்பில் கை வைத்தாள். "அவன் கை புண்ணுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

கூட்டம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. அப்போதுதான் அம்மனைக் கும்பிட வந்திருந்த இவருடைய சின்னம்மா, ரெட்டியார்பாளையத்துக்காரி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"அடிப்பாவி! அவ அவம் பொண்டாட்டிதாம்மா! கட்டுன புருசன அண்ணேங்கிறாளே, ஊரே கேக்குதே!"

அதுவும் மைக்கில் போயிற்று. முதலாளி தானே வந்து மைக்கை அணைத்தார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் ஈரச் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன். (மூக்கில் எண்ணெய் ஒட்டியதுதான் மிச்சம்.)

சின்னம்மா அதோடு விடவில்லை. "அம்மன் வாசல்ல சொன்னது சொன்னதுதான். இப்ப நீங்க அண்ணன் தங்கச்சி. இப்படியே வூட்டுக்குப் போவக்கூடாது" என்று கடையில் புது மஞ்சள் கயிறு வாங்கி, இருவரையும் சந்நிதிக்கு இழுத்துப் போனாள். விளம்பரம் பார்த்த கூட்டம் பின்னாலேயே வந்தது. சோப்பு வழுக்கும் விரல்களால் அவருக்கு முடிச்சே விழவில்லை.

"மெதுவாக் கட்டுங்க, கை எரியப் போவுது" என்றேன். மீன்காரம்மா குலவை போட்டாள்.

வேலை கிடைக்கவில்லை. மறுநாள் மறுபடியும் மில்லுக்குக் கிளம்பியவர், செருப்பை மாட்டப் போய்த் திரும்பி வந்து, "ராத்திரி சோத்த சாயங்காலமே தின்னா தொண்டையில எறங்காதா?" என்றார். அன்றிலிருந்து வெயில் தாழுமுன் உலை வைத்தேன். சேர்ந்து சாப்பிட்டோம்.

பல வருடம் கழித்து, எங்கள் பெரியவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் சின்னவன், "எங்கப்பாவுக்கு ரெண்டு கல்யாணம்" என்று போட்டு உடைத்துவிட்டான். பெண்ணின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். நான் அவசர அவசரமாக முழுக் கதையையும் சொல்லி முடித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்:

"மொத கல்யாணத்துல இவ தலையே நிமுரல. யாரக் கட்டுறோம்னு தெரியாமதான் கட்டுனேன். ரெண்டாவது தடவதான் தெரிஞ்சு கட்டுனேன்."