நாடு மட்டும் மாறிப்போன கதை

ஆப்பிரிக்காவில் நான் இன்றுவரை கால் வைத்ததில்லை. ஆனாலும் அங்குள்ள ஒரு கிராமத்துத் தேவாலயத்தைப் பற்றி ஐம்பது இத்தாலியர்களுக்கு முன்னால் பேசி, மூன்று பேரை அழ வைத்திருக்கிறேன். தெரிந்து செய்யவில்லை என்பதுதான் என் தரப்பு வாதம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மன்னாரிலிருந்து பலெர்மோவுக்கு வந்து ஐந்து கிழமை. அந்த நகரின் சீசா என்ற பகுதியில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். வேலை கிடைத்தால்தான் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருக்க அனுமதி. இத்தாலிய மொழியில் எனக்கு எண்களும், கடையில் வாங்கும் சாமான்களின் பெயர்களும் தெரியும். அவ்வளவுதான்.

ஒருநாள் அத்தான் சொன்னார்: "அஞ்சு மணிக்குப் பங்குக் கோயில் மண்டபத்துக்குப் போ. ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிக்கார அம்மா, வீட்டு வேலைக்கு ஆள் தேடுறாவாம்."

"என்ன கேப்பினம் அத்தான்?"

"என்னத்தைக் கேட்டாலும் கஷ்டத்தைச் சொல்லு. இரக்கப்பட்டு எடுப்பினம்."

வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். வாசலில் கண்ணாடி போட்ட ஒரு சிஞ்ஞோரா என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, நேரே மேடைக்கு இழுத்துப் போனார். கீழே மண்டபம் நிறைய ஆட்கள். இத்தாலியில் குடும்பங்கள் பெரியவை என்று அத்தான் சொல்லியிருந்தார். (இவ்வளவு பெரிசு எண்டு சொல்லேல்லை.) சுவரில் ஆப்பிரிக்காவின் வரைபடம் தொங்கியது. பிள்ளைகள் படிக்கிற வீடு போல என்று நினைத்துக்கொண்டேன்.

சிஞ்ஞோரா ஒலிவாங்கியைப் பிடித்தபடி, எத்தனை பேர் என்று கேட்டார். அது புரிந்தது.

"ஒன்பது. ஒரு அறை," என்றேன்.

மண்டபம் பெருமூச்சு விட்டது. அடுத்து, தண்ணீர்?

"இரண்டு நாளுக்கு ஒருமுறை."

முன்வரிசையில் மூன்று பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். பின்னால் ஒரு கிழவர் ஏதோ முணுமுணுக்க, எல்லாரும் அவரை அடக்கினார்கள். (சீசாவிலும் அப்பிடித்தானே எண்டு கேட்டவராம். பிறகுதான் தெரியும்.)

கோழி வளர்க்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். எனக்குக் கோழி மட்டும் விளங்கியது.

"கோழி, ஞாயிற்றுக்கிழமை," என்றேன், கறி வைப்பதை நினைத்து.

வேலை கிடைத்துவிட்டது என்றே நம்பினேன். அப்போதுதான் பங்குச் சுவாமி ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணோடு மூச்சிரைக்க உள்ளே வந்தார். அவர் அக்னேஸ். தான்சானியாவின் ஒரு கிராமத்துக் கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர். அன்றைய விருந்தினர் அவர்தான், ரயில் தாமதம். சுவாமி என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்தேன். அவர் எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் விளக்க விளக்க, என் காதுமடல் சுட்டது. சிஞ்ஞோராவின் முகம் தக்காளியாகிவிட்டது.

அக்னேஸ் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னை எழும்ப விடாமல் பக்கத்திலேயே இருத்தி வைத்துக்கொண்டு பேசினார். தகரக் கூரைக் கோயில். பள்ளிக்கூடம் கட்டுவதற்காகப் பூசைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணும் ஆளுக்கொரு கல் சுமந்து வருவாள். கோயில் கிணற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர்; ஊரே அள்ளும். நான் சொன்னவற்றில் கோழி மட்டும் சரியாம். ஞாயிறு பூசைக்கு அவையும் உள்ளே வருமாம்.

எனக்கு வேலை தர வந்த சிஞ்ஞோரா வேறொருவர்; அவர் வாசலில் அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு திரும்பினேன். வேறு வேலை கிடைக்க மேலும் இரண்டு மாதம் ஆனது.

அந்த இரண்டு மாதத்துக்குள் கோயில் முகவரிக்கு ஒரு பொதி வந்தது. அக்னேஸின் ஊர்ப் பெண்கள் அனுப்பியது. ஒன்பது துணித் துண்டுகள், ஒரு பை நிலக்கடலை, எங்கள் பேச்சில் கச்சான். பலெர்மோவில் தண்ணீரில்லாமல் ஒரே அறையில் வாழும் ஒன்பது பேருக்காக ஒவ்வொரு ஞாயிறும் மன்றாடுகிறோம் என்று ஒரு கடிதம்.

இப்போதும் வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் அத்தான் என்னைக் காட்டிச் சொல்லுவார்: "இவதான் பொய் சொல்லித் தான்சானியாவிலயிருந்து கச்சான் எடுப்பிச்சவ."

"எங்கை பொய் சொன்னனான்? எல்லாம் உண்மை. நாடு மட்டும் மாறிப்போச்சு," என்பேன் நான்.