ரபீக் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறார்

அடுத்தவர் பையில் ஒரு கையை விடும்போது இன்னொரு கையில் டீ டம்ளர் இருக்கக் கூடாது. இந்த விஷயம் மகுடேஸ்வரனுக்கு ஐம்பத்து நான்காவது வயதில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், முகமது ரபீக் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில்தான் தெரிய வந்தது.

ரபீக்கின் பைக்குள் இருந்தவை ஒரு மடித்த தாள், ஒரு அளவு டேப், கசங்கிய டீ ஷர்ட் ஒன்று. தாளை இழுத்தார். அரை டம்ளர் டீ அதன் மேல் கவிழ்ந்தது.

திருப்பூர் அருள்புரத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறவருக்கு ஈரத்தைப் பார்த்தால் அயர்ன் பாக்ஸ் ஞாபகம்தான் வரும். தாளை அயர்ன் டேபிளில் விரித்து, ஒரு தேய்ப்புத் தேய்த்தார். தாள் காய்ந்தது. கூடவே அதன் நடுவில் அயர்ன் பாக்ஸின் மூக்கு பழுப்பு நிறத்தில் பதிந்தது.

"ஏனுங்க, பேப்பருக்கெல்லாமா அயர்ன் போடறீங்க?"

பேக்கிங் செக்‌ஷன் பொன்னாத்தாள், கையில் தூக்குப் போசியோடு நின்றிருந்தார்.

"பில்லு நனைஞ்சு போச்சு. நீங்க போய்ச் சாப்புடுங்க."

"நானொண்ணும் பாக்கலீங்க," என்றார் பொன்னாத்தாள். பார்க்காதவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

அவர் போனதும் மகுடேஸ்வரன் தாளைப் படித்தார். வரிசையாக ஏழு எண்கள். எல்லாம் ஆயிரத்துக்கு மேல். ஆறு எண்களுக்கு நேரே டிக். கடைசி எண் 2637, டிக் இல்லை. அதற்கும் கீழே ரபீக்கின் குண்டுக் கையெழுத்தில் ஒரு வரி: "டபுள் எக்ஸெல் - ஆள் இல்லை. தேடணும்."

மகுடேஸ்வரன் கணக்குப் போட்டார். எண்கள் எல்லாம் பீஸ் கணக்கு, சந்தேகமே இல்லை. யாருக்கோ ஆறு ஆர்டர் முடிந்து ஏழாவது போய்க்கொண்டிருக்கிறது. பெரிய சைஸ் தைக்கிற லைனுக்கு ஆள் இல்லையாம், தேடுகிறார்களாம். அந்த யாரோ யாரென்றும் அவருக்குத் தெரியும். எதிர்ச்சாரிக் கம்பெனி அங்கமுத்து. போன மாதம் பேக்கரியில் அங்கமுத்து ரபீக்குக்கு பன் பட்டர் வாங்கிக் கொடுத்ததை மகுடேஸ்வரன் தன் கண்ணால், தூணுக்குப் பின்னால் நின்று, பார்த்திருக்கிறார். சும்மா யாராவது யாருக்காவது பன்னில் பட்டர் தடவிக் கொடுப்பார்களா?

ரபீக் மகுடேஸ்வரனின் கம்பெனியில் பதினெட்டு வருடமாகக் குவாலிட்டி பார்ப்பவர். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு பனியன்கூட கேட்டைத் தாண்டியதில்லை. இப்போது பன்னிரண்டாயிரம் ஸ்போர்ட்ஸ் டீ ஷர்ட்டுகள் அட்டைப்பெட்டிகளில் ஏறிக் காத்திருந்தன. லாரி அடுத்த ஞாயிறு கிளம்பியாக வேண்டும். இந்த ஆர்டரில் துணி, நூல், கலர் எல்லாமே சரக்கு வாங்கும் பையர் சொன்னபடி. காலரில் தொங்கும் அட்டையின் வாசகம் மட்டும் மகுடேஸ்வரனின் சொந்தச் சரக்கு. அட்டையில் மூன்று வரி இடம் காலியாக இருந்தது. காசு கொடுத்து வாங்கிய அட்டையில் காலி இடம் விட அவருக்கு மனசு வராது. வாய்க்கு வந்த எதையோ சொல்லி, மகள் அக்ஷராவை இங்கிலீஷில் எழுத வைத்து, அச்சுக்கு அனுப்பி, மறந்தும் போனார்.

சரக்கில் ஒரு நூல் பிசிறு கிடையாது. ஆனால் ரபீக் கையெழுத்துப் போடவில்லை. ஆறு வாரமாக ஒரே பதில்: "அடுத்த வாரம் போட்டர்றேனுங்ணா."

ஆறு வாரமாகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போன் எடுப்பதில்லை. திங்கட்கிழமை காலை நொண்டிக்கொண்டு வருகிறார். ஒருமுறை கணுக்காலில் அட்டைப்பூச்சி கடித்த தழும்பு.

"என்ன பாய், நேத்து எங்க போயிருந்தீங்க?"

"மலைக்குங்ணா."

"மலைக்கா? எதுக்கு?"

"சும்மா, ஏறி எறங்கறதுக்குங்ணா."

திருப்பூர்க்காரன் மலை ஏறினால் அது பழனி. அதுவும் விஞ்சில். ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டன் எடுக்கவும் தூங்கவும் படைக்கப்பட்டது. சும்மா ஏறி இறங்க மலைக்குப் போகிறேன் என்றால், பொய்யைக்கூட ஒழுங்காகச் செக் பண்ணாமல் சொல்கிறார் என்றுதானே அர்த்தம்?

ரபீக் போனால் கம்பெனி படுத்துவிடும் என்பது ஒரு கவலை. இன்னொரு கவலையை மகுடேஸ்வரன் யாரிடமும் சொல்ல முடியாது. பதினெட்டு வருடமாகப் பதினோரு மணி டீயை அவர் ரபீக் இல்லாமல் குடித்ததில்லை.

மூக்குத் தடம் பதிந்த தாளை மடித்து, பையில் இருந்த இடத்திலேயே வைத்தார். தொழுகை முடிந்து வந்த ரபீக் தாளை எடுத்தார். பார்த்தார். மோந்து பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து கால்குலேட்டரை வெறுமனே தட்டிக்கொண்டிருந்த முதலாளியை ஒருமுறை பார்த்தார். மடித்து வைத்துக்கொண்டார்.

ரபீக்கைச் சரிக்கட்ட வேண்டும் என்று, சனிக்கிழமை மகுடேஸ்வரன் நைச்சியமாகப் போய், "பாய், உங்களுக்கு ஒரு பைக் எடுத்துத் தரலாம்னு இருக்கறனுங்க," என்றார்.

ரபீக் நிமிர்ந்தார். "எதுக்குங்ணா?"

"சும்மாதான்."

"சும்மா யாருங்ணா பைக்கு தருவாங்க?" என்று ரபீக் சந்தேகமாகப் பார்த்தார். இப்போது சந்தேகம் இரண்டு பக்கமும் ஓட ஆரம்பித்தது.

மகுடேஸ்வரன் பொன்னாத்தாளிடம் போனார். "ஏனுங்க, பாய் ஞாயித்துக்கெழம எங்க போறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நமக்கென்னங்க தெரியும், அவருகிட்டயே கேளுங்க," என்ற பொன்னாத்தாள், தானும் இரண்டடி நொண்டியபடி பேக்கிங் டேபிளுக்குப் போனார்.

அப்படியானால் பொன்னாத்தாளும்.

மிஞ்சியது டிரைவர் முனீஸ். தூத்துக்குடிப் பக்கத்து ஆள், கம்பெனி வேன் ஓட்டுபவர். மகுடேஸ்வரன் அவரை ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"முனீஸு, நாளைக்கு பாய் எங்க போறாருன்னு தெரிஞ்சாகோணும். நாம பின்னாடியே போறோம்."

முனீஸ் கொஞ்ச நேரம் முதலாளியை மேலும் கீழுமாகப் பார்த்தார். முக்கியமாக வயிற்றுப் பக்கம். பிறகு, "ஊட்டிக்குப் போறதாக் காதுல விழுந்துச்சு மொதலாளி. தொட்டபெட்டா. ஈ பாஸ் நான் போட்டுருதேன்," என்றார்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"போற வழியில பேசிக்கிடலாம்."

போகிற வழியில் முனீஸ் பேசவே இல்லை. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினார்கள். மேட்டுப்பாளையம் தாண்டியதும் செக்போஸ்டில் வேனை நிறுத்திச் சோதித்தார்கள். துப்பறியும்போது தாகம் எடுக்கும் என்று மகுடேஸ்வரன் வாங்கி வைத்திருந்த ஆறு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களும் பறிபோயின. மூஞ்சியை மறைக்க வைத்திருந்த மங்கி குல்லா மட்டும் மிஞ்சியது.

குன்னூரில் டீ வாங்கி, வேனில் உட்கார்ந்தே குடித்தார். அன்றைக்கென்று முனீஸ் சாலையில் ஒரு குழியைக்கூட விட்டு வைக்கவில்லை. மூன்றாவது குழியில் டம்ளர் டீ முழுக்கச் சட்டையில் இறங்கியது.

"டீக்கும் எனக்கும் இந்த வாரம் என்னமோ பொருத்தமில்ல," என்றார் மகுடேஸ்வரன், சட்டையை உதறிக்கொண்டே.

"பின் சீட்டுல நம்ம பீஸு ஒண்ணு கெடக்கு பாருங்க. போட்டுக்கிடுங்க."

கிடந்தது. அதே ஸ்போர்ட்ஸ் டீ ஷர்ட், ஆரஞ்சு நிறம். மகுடேஸ்வரனின் உடம்புக்குக் கடையில் எதுவும் லேசில் அமையாது. இது அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. "பரவாயில்ல, நம்ம ஃபிட்டிங்கு நல்லாத்தான் இருக்குது," என்று அந்தக் கவலையிலும் ஒரு நொடி பெருமைப்பட்டார்.

தொட்டபெட்டா ஜங்ஷனில் முனீஸ் வேனை ஓரங்கட்டினார். "இதுக்கு மேல நடைதான் மொதலாளி. வண்டி விட மாட்டாவ."

அப்போதே இரண்டு ஜீப்பும் ஒரு காரும் மேலே ஏறிப் போயின.

"அதெல்லாம் போகுதே?"

"அது வேற வண்டி," என்றார் முனீஸ். மகுடேஸ்வரன் உற்றுப் பார்த்தார். அது வேற வண்டிதான்.

வேட்டி, ஆரஞ்சு டீ ஷர்ட், மங்கி குல்லா. இந்தக் கோலத்தில் மகுடேஸ்வரன் ஏறத் தொடங்கினார். நூறடி தூரத்தில், வளைவுக்கு அந்தப் பக்கம், ரபீக் நடப்பது தெரிந்தது. அதே டீ ஷர்ட், நீல நிறம். அந்தக் குளிரில் ஸ்வெட்டர்கூட இல்லை. ரோடு இருக்கிறது, வண்டி போகிறது, இந்த மனுஷன் நடக்கிறார். யாருக்கோ சாம்பிள் காட்டப் போகிறவன்தான் சரக்கை இப்படி உடம்பில் போட்டுக்கொண்டு போவான்.

முதல் கிலோமீட்டரில் மகுடேஸ்வரனுக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவதில் அங்கமுத்துவின் மேல் இருந்த கோபமெல்லாம் வியர்வையாகப் போய்விட்டது. யூகலிப்டஸ் மரத்தடியில் இருமுறை உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த முனீஸ், "நின்னா ஒடம்பு ஆறிப் போவும் மொதலாளி, வேர்வையோடயே ஏறுங்க," என்று விரட்டினார். இவனுக்கு ஏன் என் வியர்வை மேல் இவ்வளவு அக்கறை என்று மகுடேஸ்வரனுக்குத் தோன்றியது. யோசிக்க மூச்சு இல்லை.

உச்சியில், 'உயரம் 2637 மீட்டர்' என்ற பலகையை மூச்சிரைப்பில் படிக்காமலே தாண்டி, டெலஸ்கோப் கட்டடத்துச் சுவரோரம் ஒண்டி நின்று எட்டிப் பார்த்தார்.

ரபீக் மட்டும் இல்லை. பொன்னாத்தாள் சேலைக்கு மேல் அதே டீ ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, சோளக்கதிர் கடித்துக்கொண்டிருந்தார். கட்டிங் செக்‌ஷன் அருள்செல்வன் கல்லில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். அவன் மேலும் அதே டீ ஷர்ட். ரபீக் பையிலிருந்து டேப்பை எடுத்து, பொன்னாத்தாளின் தோளிலிருந்து டீ ஷர்ட்டின் விளிம்புவரை அளந்தார். தாளில் குறித்தார். பிறகு சோளக்கதிர்க்காரரிடம் தாளை நீட்ட, அவரும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

மகுடேஸ்வரன் சுவரில் சாய்ந்துகொண்டார். ஒரு ரபீக் இல்லை, மொத்தக் கம்பெனியும் போகிறது. மலை உச்சியில் வைத்து, சாட்சிக் கையெழுத்தோடு ஒப்பந்தம். அங்கமுத்து எந்தப் பாறைக்குப் பின்னால் இருக்கிறானோ.

இதற்கு மேல் ஒளிந்து என்ன ஆகப் போகிறது? குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நேராக அவர்கள் நடுவில் போய் நின்றார்.

யாருக்கும் அதிர்ச்சி இல்லை. பொன்னாத்தாள் நகர்ந்து இடம் விட்டார். "வாங்க சாமி, உக்காருங்க. ரொம்ப வேர்த்திருக்குது."

"உக்காரறதுக்கு வரலீங்க." சொல்ல நினைத்து வந்த வசவெல்லாம் மூச்சிரைப்பில் போய்விட்டது. மிச்சமிருந்ததுதான் வெளியே வந்தது. "பாய், அங்கமுத்துகிட்டப் போறதுன்னா போங்க. நான் தடுக்கல. பன் பட்டர் நானும் வாங்கித் தந்திருப்பேன், நீங்க டீயே போதும்னு சொன்னீங்க. ஆனாப் பதினெட்டு வருசத்துக்கு அப்புறம், மலையேறி ஒளிஞ்சு நின்னு பாத்தா நான் தெரிஞ்சுக்கோணும்? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமுங்க."

 ரபீக் பொன்னாத்தாளைப் பார்த்தார். பொன்னாத்தாள் சோளக்கதிரைப் பார்த்தார். அருள்செல்வன் மேகத்தைப் பார்த்தான்.

"அங்கமுத்தண்ணனுக்கும் இதுக்கும் என்னங்ணா சம்மந்தம்? அன்னைக்கு அவரு மகளுக்கு நிச்சயம். பேக்கரியில இருந்த எல்லாத்துக்கும்தான் வாங்கிக் குடுத்தாரு," என்றார் ரபீக்.

"அப்ப இது என்னுங்க? இந்தத் தாளு, இந்த டேப்பு, ஏழு வாரம் இந்த மலை?"

"அது வந்துங்ணா..." ரபீக்கின் காது சிவந்தது. பதினெட்டு வருடத்தில் முதலாளியிடம் ஒரு குறையை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. துணியில் குறை என்றால் அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். முதலாளி மேல் எங்கே ஒட்டுவது? அவர் பதில் சொல்வதற்குப் பதிலாக டேப்பை எடுத்து மகுடேஸ்வரனின் நெஞ்சைச் சுற்றிப் போட்டார். "கொஞ்சம் மூச்சு இழுத்து விடுங்ணா."

"யோவ், யாராச்சும் ஒருத்தர் நேராப் பதில் சொல்லுங்களேன்," என்றார் மகுடேஸ்வரன், கையைத் தூக்கிக்கொண்டு, கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

முனீஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் சொல்லுதேன் மொதலாளி. 'கொங்கு நாட்டின் ஏழு உயர்ந்த மலைகளிலும் எல்லா சைஸும் உடுத்திச் சோதிக்கப்பட்டது'ன்னு அட்டையில அச்சடிச்சு விட்டது நீங்க, பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு அத உண்மையாக்க ஏறிக்கிட்டுக் கெடக்கது இவரு, மத்த சைஸுக்கெல்லாம் நாங்க இருந்தோம், டபுள் எக்ஸெல்லுக்குத்தான் நம்ம கம்பெனியில உங்கள விட்டா வேற ஒடம்பு இல்ல. இன்னைக்கு ஒண்ணு முடிஞ்சுது, லாரி ஞாயித்துக்கெழம கெளம்புது, அதனால நாளையிலேருந்து சனிக்கெழம வரைக்கும் தெனத்துக்கு ஒரு மலை ஏறீருங்க."